காற்றுக்குக் கொடுக்காத மரம்

அன்றைக்குக் காலையில் மஹாரா வலது கையால் சாப்பிட்டாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது? ஊரில் யாரைக் கேட்டாலும் நல்ல சேதி என்றுதான் சொல்வார்கள். ஏழு வயதுப் பிள்ளை. பால் மறந்த நாளிலிருந்து சோறானாலும் பென்சிலானாலும் இடது கைதான். அதட்டிப் பார்த்தாயிற்று, கெஞ்சிப் பார்த்தாயிற்று, குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆசிரியர் வலது மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டி ஞாபகப்படுத்தியும் பார்த்தார். எதற்கும் மசியாத பிள்ளை இன்று யாரும் சொல்லாமலே வலது கையால் சோற்றைப் பிசைந்து, ஏரிப் பொடிமீனில் முள்ளைப் பிரித்து ஓரமாக வைத்து, சிந்தாமல் சிதறாமல் சாப்பிட்டு முடித்து, தட்டையும் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தது.

இனேன் மஹாரா அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அகப்பையிலிருந்து குழம்பு காலில் சொட்டியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

அவளுக்கும் சொந்தமாக ஒரு பெயர் இருந்தது. ஆனால் இந்தக் காயோ மலையில் தலைச்சன் பிள்ளை பிறந்துவிட்டால் பெற்றவர்களின் பெயர் அதோடு போயிற்று. அப்பனுக்கு முன்னால் ‘அமான்’, ஆத்தாளுக்கு முன்னால் ‘இனேன்’, அதற்குப் பிறகு பிள்ளையின் பெயர். ஏழு வருஷமாக அவள் இனேன் மஹாரா, அவள் புருஷன் அமான் மஹாரா. கடைக்காரனும் அப்படித்தான் கூப்பிடுவான், கட்டியவனும் அப்படித்தான் கூப்பிடுவான். பிள்ளை ஒன்றுதான் அவளை ‘இனே’ என்று கூப்பிடும். நாம் அம்மா என்கிறோமே, அதுதான். கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்துக் கிடந்து பெற்ற பிள்ளை. அதற்கு அப்புறம் வயிறு திறக்கவே இல்லை. அந்த ஒரு சொல்லைச் சொல்ல உலகத்தில் அவளுக்கு வேறு வாய் கிடையாது.

கையைத் துடைத்துக்கொண்டு பின்கட்டுக் கொட்டகைக்குப் போனாள். விடிந்து ஒரு நாழிகை ஆகியும் ஏரியிலிருந்து ஏறிய பனி தகரக் கூரையை விட்டு இறங்கவில்லை. சொட்டுச் சொட்டாக ஓரத்தில் வடிந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் நாலு கம்பிவலைக் கூண்டு, நாலு புனுகுப்பூனை. புளித்த பழத்தோல் நாற்றம், ஈர மரத்தூள் நாற்றம், இதற்கெல்லாம் மேலே அந்தப் பிராணிகளின் உடம்பிலிருந்து எழும் வாசனை. யாரோ பக்கத்தில் இப்போதுதான் புதுச்சோறு வடித்ததுபோல இருக்கும். முதல் நாள் அந்த வாசனைக்கு அவளுக்குப் பசித்தது. அப்புறம் அது வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

இரவெல்லாம் தின்று கழித்துவிட்டு விடியலில் சுருண்டுவிடுகிற ஜாதி அது. மூன்று தூங்கிவிட்டன. மூன்றாவது கூண்டில் இருந்தது மட்டும் விழித்திருந்தது. மிச்சம் கிடந்த ஒரே ஒரு காபிப் பழத்தை அது எடுத்துக்கொண்டிருந்தது. இடது கையால். ஐந்து விரலில் சுண்டு விரலை மட்டும் ஒதுக்கித் தூக்கிப் பிடித்து, மற்ற நாலு விரலால் பழத்தைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது.

அந்தச் சுண்டு விரலை அவளுக்குத் தெரியும். மகள் சாப்பிடும்போதெல்லாம் அந்த விரலைத்தான் தட்டி மடக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன, காலங்காத்தால சிலையாட்டம் நிக்கிறே?” என்று வாசலில் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு இனேன் சாப்ரி, கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். கழுவுகிற வேலைக்குத் தினமும் வருவாள். கூண்டுக்குக் கீழே தகரத் தட்டில் விழுந்து கிடப்பதைக் கூட்டி எடுத்து, வெயிலில் காயவைத்து, உதிர்த்து, ஏழு தண்ணீரில் அலசி, உள்ளே உமி கலையாமல் இருக்கும் காபிக் கொட்டையைப் பிரிக்க வேண்டும். “நம்ம பாட்டன் பூட்டனெல்லாம் காட்டுல இதை மிதிச்சுட்டுக் காலைக் கழுவிட்டுப் போனாங்க. இன்னிக்கு இது பூனைப் பீ இல்லை ஆத்தா, பொன்னுப் பீ! கோட்டு போட்டவன் மூக்கால மோந்து பாத்துக் குடிக்கிறான்.”

“மஹாரா இன்னிக்கு வலது கையால சாப்பிட்டா.”

“அல்ஹம்துலில்லாஹ்! அதுக்கா மூஞ்சியை இப்படித் தூக்கி வெச்சிருக்கே? என் மவன் பன்னெண்டு வயசாகியும் மூக்கைச் சட்டையில துடைக்கிறான், நான் என்ன கொட்டகையில நின்னு அழுவுறனா?”

இனேன் மஹாரா சிரித்து வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது பூனை பழத்தைத் தின்று முடித்து விரலை நக்கிக்கொண்டிருந்தது.

அவள் செய்த தப்பு என்னவென்று அவளுக்கு உள்ளுக்குள் அப்போதே தெரியும். தெரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் நாளாயிற்று.

தலைகீழாக நின்றாலும் ஆடி ஆவணிக்கு ஒத்த அந்த மாதங்களில் தோட்டத்தில் பழம் இருக்காது. எல்லாம் பச்சைக் காயாகத்தான் நிற்கும். மேடான் பட்டணத்திலிருந்து வரும் வியாபாரி பாக் சஹாலாவுக்கோ இந்த மாதமே சரக்கு வேண்டும். அமான் மஹாரா வாய் நீளம், மனசு அகலம். “வாங்க, தர்றேன்” என்று மார் தட்டிவிட்டான். காட்டில் திரிகிற பூனை நூறு மரம் ஏறி நல்ல பழமாகத் தேடித் தின்னும். கூண்டில் இருப்பதற்கு நாம்தான் தேடிப் போட வேண்டும். தோட்டம் முழுக்கத் தேடியும் கால் கூடை தேறவில்லை. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே நின்ற ஒரே ஒரு மரம் மட்டும் கிளை தெரியாமல் சிவந்து கிடந்தது.

அது மஹாராவின் மரம். பிள்ளையோடு வந்த நஞ்சுக்கொடியைப் புதைத்த குழிமேல் வைத்த கன்று.

காபிக் கன்று நடும்போது மண்ணில் உள்ளங்கையை வைத்து அதைக் காற்றுக்குக் கட்டிக்கொடுப்பது இந்த மலையின் வழக்கம். தண்ணீர் அதற்குக் காப்பாளன், வெயில் சாட்சி. அப்படிச் சொல்லிக் கொடுத்த செடிதான் காய்க்கும், மனுஷன் பறிக்கலாம், விற்கலாம். கொடியின் மேல் வைக்கும் கன்றுக்கு மட்டும் அமான் மஹாராவின் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. அது காற்றுக்கும் இல்லை, யாருக்கும் இல்லை. பழுத்தால் பழுக்கட்டும், விழுந்தால் விழட்டும். குருவி கொத்தினால் கொத்திக்கொண்டு போகட்டும். கையால் பறித்து இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விற்கத்தானே கூடாது, பூனைக்குப் போடுவது விற்பதா என்று இனேன் மஹாரா தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். குருவி தின்கிறதை இது தின்னப்போகிறது. பதினெட்டு நாள், தினமும் ஒரு கிண்ணம் பறித்தாள். பொழுது சாயும் நேரத்தில் நாலு கூண்டுக்கும் பங்கு வைத்தாள். வாயில்லாப் பிராணி என்கிற இரக்கத்தில் ஒவ்வொரு தடவையும் வலைக்குள் கையை விட்டு, “இந்தா, எடுத்துக்கோ” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

வலது கை வந்த மூன்றாம் நாள் வேறொன்று போயிற்று.

மஹாரா ஒருக்களித்துப் படுத்து, உள்ளங்கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். காலையில் கன்னத்தில் விரல் தடம் பதிந்திருக்கும். அந்தத் தடத்தை முத்தமிட்டு எழுப்புவது இனேன் மஹாராவின் பழக்கம். அன்று குனிந்தவள் அப்படியே நின்றாள். பிள்ளை மல்லாந்து படுத்திருந்தது. கால் இரண்டும் சேர்ந்து, கை இரண்டும் பக்கவாட்டில் நீண்டு, போர்வை மார்புவரை ஒரு சுருக்கம் இல்லாமல். பிணத்தைக் குளிப்பாட்டிக் கிடத்தியிருப்பதுபோல. மூச்சு வருகிறதா என்று மூக்கின் அடியில் விரலை வைத்துப் பார்த்தாள். வந்தது.

கொட்டகைக்குப் போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கால் போயிற்று. முதல் கூண்டில் இருந்த பூனை ஒருக்களித்துப் படுத்திருந்தது. முன்னங்கை கன்னத்துக்கு அடியில்.

அதற்கப்புறம் தவளை. மஹாராவுக்குத் தவளை என்றால் குலை நடுங்கும். மழை பெய்த அன்று கழிப்பறைக்குப் போகத் துணைக்கு ஆள் வேண்டும். அந்த வாரம் அடைமழை. கிணற்றடிக் கல்லில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தவளை உட்கார்ந்திருக்க, பிள்ளை அதன் பக்கத்திலேயே குந்திப் பல் தேய்த்துக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாக அவள் பார்த்தாள். தவளை தாவிப் பிள்ளையின் பாதத்தில் ஏறியது. பிள்ளை குனிந்து அதைப் பார்த்தது. வாயைக் கொப்பளித்துத் துப்பியது. எழுந்து வந்துவிட்டது. கொட்டகைப் பக்கம் ஒரே ரகளை. நனைந்த தவளை ஒன்று உள்ளே தாவி வந்ததற்கு, இரண்டாவது கூண்டுப் பூனை வலையின் மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, மயிர் சிலிர்க்க, உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூனைகள் காட்டில் தவளையைப் பிடித்துத் தின்கிற பூனைகள்.

அமான் மஹாராவிடம் சொன்னாள். அவன் நல்லவன், பொண்டாட்டி சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பவன். கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“பிள்ளை வளருது, இனேன் மஹாரா. நல்ல புத்தி வந்தா சந்தோஷப்படுவியா, பேய் பிடிச்ச கதை சொல்லுவியா?”

“அந்த மரத்துப் பழத்தை நான்தான் போட்டேன்.”

சிரிப்பு நின்றது. “விக்கலையே” என்றான். அவள் தனக்குச் சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. “பூனைக்குத்தானே போட்டே” என்றும் சொன்னான். ஆனால் மறுநாள் தோட்டத்துக்குப் போகும் வழியில் மகளின் தலையில் கையை வைத்து ரொம்ப நேரம் நின்றான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பாக் சஹாலா வந்தார். தொப்பையும் தங்கப் பல்லும் வாய் நிறைய வேடிக்கையுமாக இருக்கும் மனுஷன். முதல் பங்குச் சரக்கை மூன்று வாரம் முன்னாலேயே எடுத்துப் போயிருந்தார். அதில் ஒரு பிடியை வறுத்துக் கொண்டுவந்து, அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே வெந்நீர் கேட்டு வாங்கி, கோப்பையில் தூளைப் போட்டு ஊற்றி, மேலே ஏடாகப் படர்ந்த தூளைக் கரண்டியால் விலக்கி, மூக்கைக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார்.

“இருவது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இப்படி ஒண்ணை நான் குடிச்சதில்லை” என்றார். “கூண்டுச் சரக்குன்னா ஒரு சலிப்பு இருக்கும், பழைய கோணி மாதிரி. இதுல இல்லை. கசப்பு மருந்துக்குக்கூட இல்லை. முதல்ல கருப்பட்டி. அப்புறம் மழைக்கு முந்தி மண்ணு. கடைசியா ஒண்ணு நாக்குல நிக்குது பாருங்க, அதுக்கு என்ன பேருன்னு மேடான்ல மூணு பேரைக் கூட்டி வெச்சுக் கேட்டேன். ஒரு கிழவி சொன்னா. கைக்குழந்தையோட உச்சந்தலை வாசனையாம்! குடிச்சவ அழுதுட்டா. சிரிக்காதீங்க தம்பி, நிஜமா அழுதா. ஓட்டல்ல ஒரு கோப்பை விலையில உங்க வீட்டுக்கு ரெண்டு வாரத்து அரிசி வாங்கலாம். அப்படியும் பத்தலை, பத்தலைன்னு கேக்குறான்.”

“அந்தச் சரக்கு மிச்சம் இருக்கா?” என்று கேட்டாள் இனேன் மஹாரா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

“எங்கே இருக்கு! இதோ, இந்தக் கோப்பைதான் கடைசி.” மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சப்புக்கொட்டினார். “அடுத்த பங்கு எப்பத் தர்றீங்க?”

அவர் வண்டி மலை இறங்கிய பிறகு அவள் மகளைத் தேடிப் போனாள். மஹாரா படியில் உட்கார்ந்து பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். பின்னால் குனிந்து, வகிட்டில் மூக்கை வைத்து, ஒன்பது வருஷத் தவத்தையும் சேர்த்து மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமில்லை. எண்ணெய் வாசம் இருந்தது, அதற்கு அடியில் வெறுமை. சீயக்காய் போட்டுத் தேய்த்த தட்டை முகர்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

பிள்ளை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. முகம் சாந்தமாக இருந்தது, மரியாதையாகக்கூட இருந்தது.

“இனேன் மஹாரா,” என்றது, “நான் உள்ளே போகட்டுமா? குளிருது.”

அவளை ‘இனே’ என்று கூப்பிடவில்லை. அடுத்த வீட்டுக்காரி கூப்பிடுவது போல. கடைக்காரன் கூப்பிடுவது போல.

“நான் யாரு உனக்கு? சொல்லு. நான் யாரு?”

“இனேன் மஹாரா” என்றது பிள்ளை மறுபடியும். சரியான விடையைச் சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

அமான் மஹாரா வாசலில் நின்று இதைக் கேட்டான். அவனைத் தாண்டி உள்ளே போகும்போது பிள்ளை ஒதுங்கி, குனிந்து, “மன்னிச்சுக்கோங்க, அமான் மஹாரா” என்று சொல்லிவிட்டுப் போயிற்று. அவன் கையிலிருந்த வெற்றிலைச் செல்லம் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“அந்தப் பூனைகளைத் தொலைச்சுடுங்க” என்றாள் அவள். “அதுக மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது நான். தொலைச்சுடுங்க!”

அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

இரவு முழுக்க அவள் தூங்கவில்லை. விடிந்ததும் ஒரு யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, தாய் வயிற்றில் எரிகிற ஒன்று. பரணில் முறத்தில் இரண்டாவது பங்கு காய்ந்துகொண்டிருந்தது. உமி நீக்காதது, ஒரே ஒரு பிடி தேறும். அந்த மரத்துப் பழம் பூனை வயிற்றுக்குள் போய் வெளியே வந்த கொட்டை. மேடானில் யாரோ முகம் தெரியாதவள் குடித்து அழுதாள் என்றால், அவள் குடித்தது யாருடையது? உடையவளுக்கே கொடுத்தால்?

அமான் மஹாரா விடியலிலேயே ஏரிக்கரைப் பக்கம் வேலையாகப் போய்விட்டிருந்தான். அவள் கொட்டையை உரலில் குத்தி உமியைப் புடைத்தாள். மதியத் தொழுகை முடிந்ததும் மண்சட்டியைக் காயவைத்து, விறகைப் பின்னுக்கு இழுத்து, இளந்தணலில் கிண்டத் தொடங்கினாள். முதலில் பச்சை வைக்கோல் வாசனை வந்தது, அப்புறம் வேர்க்கடலை வாசனை. கொட்டை பழுப்பேறி முதல் வெடிப்பு கேட்டபோது புகையோடு எழுந்து வந்தது வேறு. அவள் கரண்டியைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிரசவ அறையின் இஞ்சிப் பத்து. பால் கட்டி நனைந்த ரவிக்கை. முதல் காய்ச்சலின் வேர்வை. தொட்டில் துணி. நெற்றியில் பூசிய மஞ்சள். உச்சந்தலை. ஏழு வருஷமும் அந்த அடுப்படியில் கூரை முட்ட நின்றது. இனேன் மஹாரா அழுதுகொண்டே கிண்டினாள். ஒரு கொட்டை கருகவிடவில்லை.

பொடித்து, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆற்றி, பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளையின் கையில் கொடுத்தாள். மஹாரா இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, “நன்றி, இனேன் மஹாரா” என்று சொல்லிவிட்டு, மண்டி வரைக்கும் குடித்தாள்.

இனேன் மஹாரா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே மழை விட்டிருந்தது. காபிக்கு நிழலாக நட்ட சவுண்டல் மரங்களிலிருந்து தண்ணீர் உதிர்ந்தது. அடுப்பில் விறகு ஒன்று சரிந்தது. ஏரியிலிருந்து பனி ஏறத் தொடங்கியிருந்தது.

வாசல்படியில் ஒரு தவளை தாவி உட்கார்ந்தது.

பிள்ளை வீல் என்று கத்தியது. கோப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் மடக்கி அவள் மடிக்குள் ஏற்றிக்கொண்டு, முகத்தைத் தோளில் புதைத்து நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் நெஞ்சில் கேட்டது. இனேன் மஹாரா பைத்தியம்போலச் சிரித்தாள். “என் தங்கம்! என் ராசாத்தி! பயப்படு, நல்லா பயப்படு!”

பிறகு அந்த முகத்தைக் கையில் ஏந்திக் கேட்டாள். “இப்பச் சொல்லு. நான் யாரு?”

பிள்ளை யோசித்தது. உதடு எதையோ தேடி அசைந்தது. கண் கலங்கியது.

“தெரியலை” என்றது. “வாயில வருது. இல்லை, போயிடுச்சு.”

போகட்டும், வரும் என்று அவள் நினைத்தாள். ஒரு கோப்பையில் தவளை வந்தது. மிச்சம் அதுகளிடம்தான் இருக்கிறது. படுக்கிற கை, சாப்பிடுகிற விரல், கூப்பிடுகிற சொல், எல்லாம் அந்த நாலு வயிற்றுக்குள்தான் இருக்கிறது. தினமும் தட்டைக் கூட்டி, கழுவி, வறுத்துக் கொடுத்தால் ஒவ்வொன்றாக வந்துவிடும். எத்தனை மாதமானால் என்ன? மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

நாலு கதவும் திறந்து கிடந்தன.

நடுவில் அமான் மஹாரா நின்றுகொண்டிருந்தான். கையில் டார்ச். முகம் வெளுத்திருந்தாலும் எதையோ சாதித்த களை அதில் இருந்தது.

“சொன்னியே, தொலைச்சுட்டேன்” என்றான். “கொல்ல மனசு வரலை. இப்பத்தான், கோணியில போட்டுத் தோட்டத்துக் கடைசியில கொண்டுபோய்க் காட்டைப் பாத்து விட்டுட்டேன். வியாபாரி போனாப் போறான். நமக்குப் பிள்ளைதான் முக்கியம்.”

அவள் அவனைத் திட்டவில்லை. திட்ட என்ன இருக்கிறது? அவன் அவள் சொன்னதைத்தான் செய்தான். மகளை இழுத்துக்கொண்டு ஓடினாள். காபி வரிசைகளுக்கு நடுவே ஈரக் கிளைகள் முகத்தில் அறைந்தன. சேறு வழுக்கியது. பின்னால் அமான் மஹாரா ஏதோ கத்திக்கொண்டே வந்தான். மசூதியில் மாலைத் தொழுகைக்கு அழைக்கும் குரல் ஏரிக்கு மேலே நீண்டு, பனிக்குள் போய் அடங்கியது.

தோட்டம் முடிந்தது. வேலி இல்லை. அதற்கப்பால் காடு.

பனி மரங்களின் இடுப்புவரை நின்றது. ஓர் இலை அசையவில்லை. புதுச்சோற்று வாசனை மட்டும் இருந்தது.

“மஹாரா!” என்று கூப்பிட்டாள் இனேன் மஹாரா.

காட்டைப் பார்த்துத்தான் கூப்பிட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது.

“யாரைக் கூப்பிடுறீங்க?” என்று கேட்டது.

டார்ச் வெளிச்சம் பின்னாலிருந்து வந்து மரங்களைத் தடவியது. ஒரு கிளையில் இரண்டு கண். இன்னொரு கிளையில் இரண்டு. தாழ ஒரு புதரில். வெகு உயரத்தில். நாலு ஜோடியும் அவளையே பார்த்தன. தன் பெயரைக் கேட்டு நின்ற பிள்ளை பார்க்கிற பார்வை.

டார்ச் கீழே விழுந்து அணைந்தது. அமான் மஹாரா கலிமா சொல்லும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றுவிட்டது.

“இனே.”

சின்னக் குரல். உயரத்திலிருந்து.

“இனே.” இது புதரிலிருந்து.

“இனே, இருட்டா இருக்கு.”

“இனே, வா.”

எல்லாம் ஒரே குரல். நாலு இடத்திலிருந்து வந்தது. பசித்துப் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வாசலிலிருந்தே கூப்பிடும் குரல். ஏழு வருஷம் கேட்ட குரல்.

அவள் குனிந்து பக்கத்தில் நின்றதைப் பார்த்தாள். அவள் தைத்த சட்டை. அவள் பின்னிய சடை. கையில் சூடு இருந்தது, அந்தக் கை அவள் விரலை நம்பிக்கையாகத்தான் பிடித்திருந்தது. முகத்தில் ஒன்றுமே இல்லை. யார் வீட்டிலோ விட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி, சொன்னதைக் கேட்கக் காத்திருந்தது.

“இனே! எங்கே இருக்கே? இனே!”

குரல்கள் நகரத் தொடங்கின. உள்ளே. இன்னும் உள்ளே.

“இதோ வர்றேன் கண்ணு,” என்றாள் இனேன் மஹாரா, “வந்துட்டேன்.”

பிடித்திருந்த கையை விட்டாள். பனிக்குள் இறங்கி நடந்தாள். பின்னாலிருந்து யாரும் அவளைக் கூப்பிடவில்லை.